பெட்டியில் எழுதிய 10 கிலோவும் சரிந்துபோகும் 3 கிலோவும்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ட்ரைபாடின் (முக்காலியின்) மேல் கேமராவைச் சாய்த்துப் பூட்டும் பந்து மூட்டான பால் ஹெட் தாங்கும் எடை குறித்த தவறான விவரம், பொருளைத் திரும்பப் பெறக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் 36 மில்லிமீட்டர் பந்து கொண்ட பால் ஹெட்டை வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். "தாங்கும் எடை 10 கிலோ" என்று பெட்டியின் மூன்று பக்கங்களில் அச்சிட்டிருக்கிறீர்கள். என் கேமரா, 600 மில்லிமீட்டர் லென்ஸ், அடியில் பொருத்தும் பிளேட் எல்லாம் சேர்ந்து 3 கிலோ. லென்ஸைச் சுற்றிப் பிடிக்கும் வளையமான காலரில் முன்னும் பின்னும் சமநிலை பார்த்துத்தான் பொருத்துகிறேன். அப்படியிருந்தும், நிலவைப் படமெடுக்க 45 பாகை அண்ணாந்து வைத்துத் திருகை இறுதிவரை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால், லென்ஸின் முனை மேலே எழும்பி, கேமராவின் பின்பக்கம் தாழ்கிறது. நடுவில் வைத்த நிலா படச்சட்டத்தில் கீழே இறங்கிவிடுகிறது.

இதை எழுதியதற்குத் தங்கள் சேவைப் பிரிவு அனுப்பிய முதல் பதில்: தங்கள் கருவி எடை வரம்புக்குள் இருக்கிறது, எனவே ஹெட்டில் குறையில்லை, நிலா நகரும் பொருள் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

நிலா நகர்வது எனக்கும் தெரியும். தன் அகலமான அரைப் பாகையைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். உங்கள் ஹெட் அதில் பாதித் தூரத்தைக் கையை எடுத்த கணத்திலேயே கடந்துவிடுகிறது. போதாததற்கு, உயரமான கைபேசிக் கோபுரம் ஒன்றின் உச்சி விளக்கை வைத்தும் பார்த்துவிட்டேன். அந்த விளக்கும் அதே அளவு கீழே இறங்கியது. கோபுரமும் நகரும் என்று அடுத்த பதில் வராது என நம்புகிறேன்.

இப்போது அந்த 10 கிலோவுக்கு வருகிறேன். அதை எந்தக் கோணத்தில், பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் வைத்துச் சோதித்தீர்கள்? பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை, நேரடியாகக் கேட்டும் பதில் இல்லை. இந்த இரண்டும் தெரியாவிட்டால் 10 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஹெட் நிமிர்ந்து நிற்கும்போது எடை முழுவதும் பந்தின் வழியே நேராக ட்ரைபாடின் கால்களுக்கு இறங்குகிறது. பூட்டுக்கு அப்போது அநேகமாக வேலையே இல்லை. சாய்த்த பிறகுதான் எடை பந்தைப் புரட்டப் பார்க்கிறது. அந்தத் திருப்புவிசையைப் பந்தின் உராய்வு மட்டுமே தடுத்து நிறுத்த வேண்டும். நீர் நிறைந்த வாளியைக் கையைத் தொங்கவிட்டுத் தூக்குவதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. எடை அதேதான், தோள் அறியும் பாரம் வேறு.

என் கருவியின் ஈர்ப்பு மையம் பந்தின் மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரிய லென்ஸ் எதுவானாலும் காலரின் காலும், பிளேட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பும் சேர்ந்து ஏறத்தாழ அந்த உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். 3 கிலோவை 12 சென்டிமீட்டரால் பெருக்கினால் 36. நீங்கள் 10 கிலோ இரும்பைப் பந்துக்கு வெறும் 3 சென்டிமீட்டர் மேலே வைத்துச் சோதித்திருந்தால் 30. சாய்வு ஒன்றாக இருக்கும்வரை, உங்கள் 10 கிலோவைவிட என் 3 கிலோதான் பந்தை வலுவாகப் புரட்டும். 45 பாகையில் அந்தத் திருப்புவிசை, அதன் அலகில் சொன்னால், சுமார் 2.5 நியூட்டன் மீட்டர். உங்கள் ஹெட் எத்தனை நியூட்டன் மீட்டர் வரை நிற்கும் என்று ஒரே ஒரு எண்ணைத் தந்திருந்தால், வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டு விலகியிருப்பேன்.

சொந்தக் கருவியின் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தாங்கும் ஹெட்டை வாங்க வேண்டும் என்று படம் எடுப்பவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். 3 கிலோவுக்கு 10 கிலோ என்பது மூன்று மடங்குக்கும் மேல். அந்த விதியையே பொய்யாக்குகிற எண்ணை நீங்கள் அச்சிட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பந்து வழுக்கவில்லையே, கொஞ்சம் அமர்ந்துதானே போகிறது" என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். அவர் மரியாதையாகவே பேசினார்; அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் வழுக்குவது வேறு, அமர்வது வேறு, படம் கெடுவது இரண்டிலும்தான். பூட்டிய பின், பந்திலிருந்து மேலே நீளும் தண்டான கழுத்தும் கிளாம்ப்பும் மிகச் சிறிதாக வளைந்து கால் பாகை சரிந்தால், 24 மில்லிமீட்டர் லென்ஸில் அது கண்ணுக்கே தெரியாது. முழுச்சட்ட சென்சாரில் படத்தின் உயரத்தில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவுதான். 600 மில்லிமீட்டரில் அதே கால் பாகை உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. பந்து அசையவே இல்லை என்று நீங்கள் சான்றிதழ் தரலாம், நான் நினைத்த படம் கிடைக்காது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு விலகும் என்று ஊகித்து, முன்கூட்டியே தள்ளி வைத்துப் பூட்டுவதற்கா இவ்வளவு செலவு செய்தேன்?

தாங்கள் அனுப்பிய யோசனைகளைப் பற்றிச் சுருக்கமாக. ட்ரைபாடின் நடுக்கம்பியில் பையைத் தொங்கவிடச் சொன்னீர்கள். அது கால்களுக்கு உறுதி தரும். அவற்றுக்கு மேலே இருக்கும் பந்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பந்தில் எண்ணெய் இடச் சொன்ன மின்னஞ்சலை எழுதியவர் யார் என்று தயவுசெய்து விசாரியுங்கள். உராய்வை நம்பிப் பிடிக்கும் பொருளில் உராய்வைக் குறைக்கச் சொல்வதைத் தயாரிப்பாளரிடமிருந்தே கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை. கிம்பல் ஹெட் வாங்கலாம் என்ற யோசனை மட்டும் நியாயமானது. லென்ஸ் அதில் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றியே ஆடுவதால் திருப்புவிசை ஏறக்குறைய இல்லாமல் போகும். ஆனால் எல்லா லென்ஸுக்கும் ஒரே ஹெட் வேண்டும் என்றுதான் நான் பால் ஹெட்டைத் தேர்ந்தேன். வேறு வகைப் பொருளை வாங்கச் சொல்வது, விற்ற பொருளின் பெட்டியில் இருக்கும் எண்ணுக்குப் பதிலாகாது.

இந்த விவரத்தைத் தர முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. வீடியோ ஹெட் தயாரிப்பவர்கள் ஈர்ப்பு மையம் இத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் இத்தனை கிலோ, அதற்கு மேலே போனால் இவ்வளவு குறையும் என்று வரைபடமே போட்டுத் தருகிறார்கள். புகைப்படக்காரர்களுக்கு மட்டும் ஏன் ஒற்றை எண்?

என் கோரிக்கை இதுதான். இந்த ஹெட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தர வேண்டும். அல்லது, தங்களிடம் உள்ள 55 மில்லிமீட்டர் பந்து கொண்ட பெரிய ஹெட்டை மாற்றாகத் தர வேண்டும். விலை வித்தியாசத்தை நான் செலுத்துகிறேன். உராய்வு பந்தின் பரப்பில் செயல்படுவதால், இறுக்கும் விசை ஒன்றே என்றாலும் பெரிய பந்தின் பிடிமானம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருக்கும். ஆனால் பந்து பெரிது என்பதற்காக மட்டும் அதை ஏற்க மாட்டேன். என் ஹெட்டின் கழுத்து 12 மில்லிமீட்டர் தடிமன். பெரிய ஹெட்டின் கழுத்தும் அதே அளவு என்றால் வளைவு குறையாது. 16 மில்லிமீட்டராக இருந்தால் வளைவுக்கு எதிரான விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும். ஆகவே கழுத்தின் தடிமன், பந்தின் மையத்திலிருந்து கிளாம்ப் வரை உள்ள உயரம், பூட்டிய நிலையில் தாங்கும் திருப்புவிசை ஆகிய மூன்றையும் முதலில் எழுத்தில் அனுப்புங்கள். அந்தப் பெரிய ஹெட்டின் பெட்டியில் போட்டிருக்கும் 15 கிலோவை நான் படிக்கப்போவதில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். "எடை வரம்புக்குள் இருக்கிறது" என்று மட்டும் மறுபடி எழுதுவதாக இருந்தால், தாமதிக்காமல் பணத்தைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: ரசீதின் நகல், கையை எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த கோபுர விளக்கின் படங்கள், எண்ணெய் இடச் சொன்ன மின்னஞ்சல்.