சோதிக்காமல் மாற்றப்படும் ஆக்சிஜன் சென்சார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்ரோல் காரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிந்தால் ஒர்க் ஷாப்பில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். திரையில் ஆக்சிஜன் சென்சார் என்ற பெயர் தெரிந்த மாத்திரத்திலேயே அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் வழக்கம் நம் ஊர்களில் பரவிவிட்டது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து அதை மாற்றிய பிறகும் அதே விளக்கு மீண்டும் எரிகிறதே என்று கேட்டு வருபவர்கள் ஏராளம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனப் பிரிவின் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அளவீட்டின் அடிப்படையில் சென்சார் பழுது என்று முடிவு செய்யப்பட்டது என்பதை மெக்கானிக், வேலை விவரங்களைக் குறிக்கும் ஜாப் கார்டில் எழுதித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தச் சென்சார் புதுமையானதன்று. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இது 1976-ஆம் ஆண்டிலேயே வோல்வோ கார்களில் இடம்பெற்றுவிட்டது. சைலன்சர் குழாயில் பொருத்தப்பட்டுள்ள இதன் முனையில் சிர்கோனியா என்னும் பீங்கான் உள்ளது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறியதும், புகையில் உள்ள ஆக்சிஜனுக்கும் வெளிக்காற்றில் உள்ள ஆக்சிஜனுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொறுத்து அது ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்ற சரியான கலவையை விடப் பெட்ரோல் கூடினால் அது 0.9 வோல்ட் வரை ஏறும், குறைந்தால் 0.1 வோல்ட் வரை இறங்கும். அதைப் பார்த்தே கட்டுப்பாட்டுக் கணினி இன்ஜெக்டர் தெளிக்கும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

ஸ்கேனர் காட்டும் எண், கணினி கண்ட அறிகுறியை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. பி0171 என்ற எண்ணுக்குக் கலவையில் பெட்ரோல் குறைவு என்பதே பொருள். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயில் விரிசல் இருந்தாலும், பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைந்தாலும், சென்சாருக்கு முன்னால் சைலன்சர் கேஸ்கட் கசிந்தாலும் அதே எண் வரும். அவ்வாறிருக்கையில் உண்மையைச் சொல்லும் சென்சாரைத் தண்டிப்பதில் என்ன நியாயம்? சென்சாரின் ஹீட்டர் சுற்றைக் குறிக்கும் பி0135 வந்தால்கூட, முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸையும் கனெக்டரையும்தான். ஃபியூஸ் போயிருந்தால் செலவு சில ரூபாயோடு முடிந்துவிடும்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நான்கு வயர் கொண்ட சென்சாரில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டு வயர்களும் பெரும்பாலும் ஹீட்டருடையவை. கனெக்டரைக் கழற்றி அவற்றின் குறுக்கே மின்தடையை அளந்தால் பொதுவாகச் சில ஓம்கள் காட்ட வேண்டும். தொடர்பே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சென்சாரின் மின்னழுத்தத்தைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் சிக்னல் வயரில் மட்டும் ஓம் அளவு பார்க்கக் கூடாது. கனெக்டரை மறுபடி மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில் ஓடவிட்டு, சிக்னல் வயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் மின்னழுத்தம் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே இடைவிடாது ஏறி இறங்க வேண்டும். அது ஒரே இடத்தில் நின்றாலும் உடனே சென்சாரைக் குறை கூறிவிட முடியாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பகுதியோடு இணைந்த ஒரு வேக்குவம் குழாயைக் கணநேரம் கழற்றினால் அளவு சட்டென்று கீழே விழ வேண்டும். ஆக்சிலேட்டரைத் திடீரென அழுத்தினால் மேலே எழ வேண்டும். இரண்டுக்கும் அசையாமல் கிடந்தாலோ, மந்தமாக அசைந்தாலோ தாராளமாக மாற்றலாம். புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவது சென்சாரில் அளவு ஏறக்குறைய நிலையாக நிற்பதுதான் நல்ல அறிகுறி. இது தெரியாமல் நல்ல சென்சாரைக் கழற்றியவர்களும் உண்டு. புதிய கார்கள் சிலவற்றில் உள்ள அகலப்பட்டை (வைட்பேண்ட்) வகைச் சென்சாருக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. அதை ஸ்கேனரின் நேரடி அளவீட்டில்தான் பார்க்க வேண்டும்.

மாற்றுவதாக முடிவாகிவிட்டால், வயர் நுழையப் பிளவு விட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட்டைக் கொண்டு, எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை கெடாது. துரு பிடிக்காமலிருக்கத் தடவும் பசை மரையில் மட்டும் இருக்க வேண்டும், முனையில் படவே கூடாது. அருகில் சிலிக்கான் கேஸ்கட் பசையைப் பூசினால் அதன் ஆவியே புதிய சென்சாரை நஞ்சாக்கிவிடும். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயரின் உள்வழியாகவே பெறுவதால், வயரை வெட்டிச் சால்டர் வைத்து ஒட்டுவதும் தவறு. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் கழற்றிய பாகங்கள் எத்தனையோ காரியங்களுக்கு உதவும்; சென்சாருக்கு மட்டும் நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

புகைப் பரிசோதனை மையங்களும் இதில் உதவ முடியும். பி.எஸ்.4 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்திலிருந்து பெட்ரோல் கார்களுக்கு, எஞ்சினை உயர்வேகத்தில் ஓடவிட்டுச் செய்யும் சோதனையில் லாம்டா அளவு (காற்று-பெட்ரோல் கலவை சரியாக இருந்தால் இது 1) 0.97-க்கும் 1.03-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அந்த அளவைக் கார் உரிமையாளருக்கு எடுத்துச் சொன்னால், கலவை சரியாக இருக்கிறதா என்பதை ஒர்க் ஷாப்புக்குப் போகும் முன்பே அவர் ஓரளவு அறிந்துகொள்வார். போக்குவரத்துத் துறை இம்மையங்களுக்கு இதனை அறிவுறுத்த வேண்டும். ஒர்க் ஷாப் உரிமையாளர்களும் கழற்றிய பழைய சென்சாரை, அதில் அளந்த வோல்ட் அளவோடு வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர்,
திருச்சி.