வீட்டு அளவையும் டாக்டர் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு மருத்துவமனையில் பிரஷர் பார்த்தால் 160/96. வீட்டில் காலையில் பார்த்தால் 126/80. இரண்டு மாடி ஏறி, வரிசையில் நின்று, உட்கார்ந்த உடனே ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றினால் அளவு எப்படிச் சரியாக இருக்கும்? வீட்டில் எழுதிவைத்த நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன், புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். பத்தாம் நாள் அம்மா தலைசுற்றி அடுப்படியில் சாய்ந்துவிட்டார்.

இதற்கு நேர்மாறானதுதான் இன்னும் ஆபத்து. டாக்டர் முன்னால் சரியாக இருந்து, வீட்டில் ஏறியே இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இதயமும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லை. வீட்டில் எடுத்த அளவுகளின் சராசரி 135/85 வந்தாலே உயர் ரத்த அழுத்தம்தான். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அருமையான திட்டம். அந்த அளவுகளையும் பார்த்த பிறகே டாக்டர்கள் மருந்தை மாற்ற வேண்டும். அப்புறம், பிரஷர் பார்க்கும் இடத்தில் முதுகு சாய்த்து 5 நிமிடம் உட்கார நாலு நாற்காலி போடுங்கள்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்