வால்டேர் தலையில் கட்டிய வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், தத்துவவாதிகள் சமூகத்தை எப்படி மாற்றினார்கள் என்ற கட்டுரையைப் படித்தேன். நடுப்பக்கத்தில் கட்டம் கட்டி, பிரெஞ்சுத் தத்துவவாதி வால்டேரின் படத்தோடு, “நீ சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்” என்று போட்டிருக்கிறீர்கள். போகட்டும், ஊரே செய்வதுதான். ஆனால் கட்டத்தை ஒட்டிக் கட்டுரையாளர் எழுதியிருக்கும் வாக்கியம் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: “இந்த ஒரு வரி ஐரோப்பாவையே புரட்டிப் போட்டது.”

வால்டேர் இறந்தது 1778இல். அந்த வரி அச்சேறியது 1906இல். ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர், டாலன்டைர் என்ற புனைபெயரில், வால்டேரின் நண்பர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஹெல்வெட்டியஸ் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் புத்தகத்தை அதிகாரிகள் எரித்தபோது வால்டேரின் மனநிலை எப்படி இருந்தது என்பதைத் தம் சொற்களில் சுருக்கிச் சொன்ன இடம் அது. சுருக்கியவர் இருபுறமும் மேற்கோள் குறியைப் போட்டதுதான் வினை. அது தம்முடைய வாக்கியம்தான் என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். ஆக, ஐரோப்பாவைப் புரட்டிய வரி, வால்டேர் மறைந்து 128 ஆண்டு கழித்துப் பிறந்திருக்கிறது. தங்களுக்குத் தெரியாததா என்ன? பக்கத்தை அனுப்பும் அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

வால்டேர் உண்மையில் செய்ததைக் கட்டுரையில் தேடினேன், இல்லை. 1761 அக்டோபரில், பிரான்சின் துலூஸ் நகரத்துத் துணி வியாபாரி ழான் கலாஸின் மூத்த மகன் வீட்டுக்குள்ளேயே பிணமாகக் கிடந்தான். நாடு கத்தோலிக்கம், குடும்பம் புராட்டஸ்டன்ட். மகன் கத்தோலிக்கனாக மாறவிருந்தான், அதனால் தகப்பனே கொன்றுவிட்டான் என்று ஊர் பேசியது, நீதிமன்றமும் நம்பியது. 1762 மார்ச் 10 அன்று கலாஸைச் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்கிக் கொன்றார்கள். செய்தி கேட்டதும் வால்டேர் பொங்கி எழுந்துவிடவில்லை. கலாஸ் குற்றவாளியாகவும் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஜெனீவாவில் இருந்த இளைய மகனைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் வேலையில் இறங்கினார். விதவையைப் பாரிசுக்கு வரவழைத்து வழக்கறிஞர் வைத்தார். வழக்கின் விவரங்களைச் சிறு வெளியீடுகளாக அச்சிட்டார். அரண்மனையில் செல்வாக்குள்ளவர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். சகிப்புத்தன்மை பற்றிய அவருடைய நூல் 1763இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில்தான் அரசரின் மன்றம் துலூஸ் நீதிமன்றத்திடம் ஆவணங்களைக் கேட்டது. 1764 ஜூனில் தீர்ப்பு ரத்தானது. 1765 மார்ச் 9 அன்று கலாஸ் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள்; குடும்பத்துக்கு அரசர் 36,000 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கொடுத்தார். புராட்டஸ்டன்டுகளின் பிறப்பையும் திருமணத்தையும் சட்டம் ஏற்றுக்கொண்டது 1787இல். அப்போது வால்டேர் போய் ஒன்பது வருஷம். இதில் எந்த இடத்தில் “ஒரு வரி” வேலை செய்தது என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குக் கட்டுரை ஒதுக்கியது அரை வரி: “பெண் விடுதலை பற்றிப் பேசினார்.” பேசினார்தான், கையில் ஒரு சட்டத் திருத்தத்தை வைத்துக்கொண்டு பேசினார். 1867 மே 20 அன்று பிரிட்டிஷ் மக்களவையில், வாக்குரிமைச் சீர்திருத்த மசோதாவில் ‘ஆண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘நபர்’ என்று போடச் சொன்னார். மாற்றச் சொன்னது ஒரே ஒரு சொல். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றுப்போனார். ஆணுக்கு நிகரான வாக்குரிமை அங்கே பெண்களுக்குக் கிடைத்தது 1928இல். இடைப்பட்ட 61 ஆண்டில் மனு திரட்டியவர்கள், சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! கட்டுரையின் கணக்குப்படி மில் பேசினார், சமூகம் மாறியது. நடுவே யாரும் இல்லை.

அரிஸ்டாட்டிலும் இப்படித்தான், கிரேக்கத்திலிருந்து ஒரே தாவில் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் போய் விழுகிறார். 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் கிரேக்க நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் குழு இல்லை, ஸ்பெயினின் கோர்தோபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய உரைகள் இல்லை. 1277இல் பாரிஸ் ஆயர், அரிஸ்டாட்டிலை ஒட்டியவை உட்பட, 219 கருத்துகளுக்குத் தடை போட்டாரே, அதுவும் இல்லை. அத்தனை தடையும் யாரும் படிக்காத புத்தகத்துக்கா போட்டார்?

எழுத உட்கார்ந்த பிறகு பழைய கணக்கையும் தீர்த்துவிடுகிறேன். “நாம் திரும்பத் திரும்பச் செய்வதே நாம்” என்று அரிஸ்டாட்டில் பெயரில் எத்தனை முறை போட்டிருக்கிறீர்கள்! 1926இல் வந்த தம் நூலில் அமெரிக்க எழுத்தாளர் வில் டூரன்ட் எழுதியது அது. அவர் மேற்கோள் குறிகூடப் போடவில்லை. அடுத்து வரும் ‘ஒரு தகைவிலான் குருவி வந்தால் வசந்தம் ஆகிவிடாது’ என்ற பகுதிக்குத்தான் போட்டார், அதுதான் அரிஸ்டாட்டில். யாரோ குறியை நாலு வரி மேலே நகர்த்திவிட்டார்கள். “பழையதோடு மல்லுக்கட்டாதே, புதியதைக் கட்டு” என்ற சாக்ரடீஸ் மொழி ஆண்டு மலரின் பின்னட்டையையே அலங்கரித்தது. அந்த சாக்ரடீஸ் 1980இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவலில் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் பாத்திரம். ஏதென்ஸ்காரர் எதையும் எழுதி வைக்காதது உங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று!

சரிபார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. தத்துவ மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு ஒப்பிடுவதே என் பிழைப்பு என்பதால் சொல்கிறேன். நூலில் ஓர் இடத்தைக் காட்ட, பிளேட்டோவுக்கு 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்கங்களை ஒட்டிய ஸ்டெஃபானஸ் எண், அரிஸ்டாட்டிலுக்கு 1831இல் வந்த பதிப்பை ஒட்டிய பெக்கர் எண், ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேவுக்கு அவர் நூலின் சிறு பகுதிகளுக்கு உள்ள துண்டு எண். நல்ல பதிப்பு எந்த மொழியில் இருந்தாலும் ஓரத்திலோ துண்டின் தலையிலோ அந்த எண் இருக்கும். மேற்கோள் தருபவரிடம் முதலில் எண்ணைக் கேளுங்கள். ‘ஆராயாத வாழ்க்கை வாழத் தக்கதல்ல’ என்பதற்கு, சாக்ரடீஸின் நீதிமன்ற உரையில் 38ஏ என்று அரை நிமிடத்தில் பதில் வரும். நூல் பெயர் இல்லாமல் ‘நெட்ல இருந்துச்சு’ என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எண் கிடைத்தாலும் முன்பின் பத்து வரி படிக்க வேண்டும். ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்பது நீட்சேயின் 1882 நூலில் 125ஆம் துண்டு. சொல்பவன் பகல் வெளிச்சத்தில் விளக்கோடு சந்தைக்கு வரும் பித்தன். கூடவே ‘நாம்தான் கொன்றோம்’ என்றும் கதறுகிறான். உங்கள் கட்டத்துக்குள் பித்தனுக்கும் இடமில்லை, விளக்குக்கும் இடமில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. கட்டத்தின் அடியில் சின்ன எழுத்தில் அரை வரி: எந்த நூல், எந்த எண், யார் மொழிபெயர்ப்பு. அது கிடைக்காவிட்டால் கட்டம் வேண்டாம், அந்த இடத்தில் விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள். வால்டேர் வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம், எந்த மூலையிலானாலும் சரி. அதில் ஈவ்லின் பீட்ரிஸ் ஹாலின் பெயரை மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்