பெயின்ற் அடிச்சாப் பிறகு: மொறிஸ் மைனர் கார் வைச்சிருக்கிறவைக்கு

வணக்கம் உறவுகளே. பெயின்ற் பளபளக்குது எண்டு உடன வக்ஸ் பூச வேண்டாம், ஒரு மாதமாவது காயட்டும். அதைவிடக் கதவுக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டையளைப் பாருங்கோ. பெயின்ற் அடிக்கேக்க அடைபட்டிருக்கும். குத்தித் திறக்காட்டி வாடைமழையோட உள்ளுக்குள்ள கறள்தான். திருகோணமலை டச் பே கடற்கரைப் பக்கம் நிப்பாட்டிறனீங்கள் எண்டால் வீட்ட வந்து நல்ல தண்ணியால கழுவுங்கோ, அடிப்பக்கத்தையும். உப்புக்காத்துக்குக் குரோம் எண்டால் பலகாரம் மாதிரி.

முன்சில்லைத் தாங்கித் திருப்பிற மூட்டுக்கு, அதுதான் ட்றனியன், 1000 மைலுக்கு ஒருக்காக் கிறீஸ் அடியுங்கோ. நான் அடிக்காமல் விட்டு, சீனக்குடா றோட்டில சில்லு மடிஞ்சு குந்தினது. பெற்றறி மாத்தேக்கயும் கவனம்: டைனமோ (பெற்றறியைச் சார்ஜ் பண்ணிற பழைய ஜெனரேற்றர்) உள்ள மைனரில பிளஸ் வயர்தான் கார் பொடிக்குப் (இரும்பு உடம்புக்கு) போறது.

கிறீஸ் கன் என்னட்ட இருக்கு. தேவையானவை ஞாயிறு பின்னேரம் வாங்கோ.