சிகப்பு ரோஜாக்களை மறுபடி பார்

அம்மாடி,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். அத்தை சொன்ன விஷயத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ‘சிகப்பு ரோஜாக்கள்’ மறுபடி பார்த்தேன். அதைப் பற்றித்தான் இது.

1978இல் வந்த படம். ‘கிழக்கே போகும் ரயில்’ வந்த அதே வருஷம் பாரதிராஜா வயல் வரப்பை விட்டுவிட்டுப் பணக்கார பங்களாவுக்குள் கேமராவைக் கொண்டுபோனார். எங்கள் வயசுக்காரர்கள் அன்று கமலைத்தான் பார்த்தோம். அவரும் ஜானகியும் பாடிய ‘நினைவோ ஒரு பறவை’ எல்லோர் வாயிலும் இருந்தது.

இப்போது ஸ்ரீதேவியைப் பார்க்க வேண்டும். கொலைகாரன் யாரென்று படம் கடைசிவரை ஒளித்துவைப்பதில்லை. கமல் நடித்த திலீப் எப்படிப்பட்டவன் என்று நமக்குத் தெரியும், ஸ்ரீதேவி நடித்த சாரதாவுக்குத்தான் தெரியாது. முடிவு தெரிந்து பார்த்தாலும் பயம் குறையாததற்கு அதுதான் காரணம். அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் அவன் வந்து பேசுவதை நிதானமாகப் பார். அன்றைக்கு அது காதல் காட்சி. இன்றைக்கு அவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதுதான் காதில் விழுகிறது. பணம் தெரிகிறது, பங்களா தெரிகிறது. மற்றபடி அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவனே சொன்னதுதான். அவன் வெளியே போயிருக்கும்போது அவள் அந்த அறைக்குள் நுழைகிறாளே, அப்போதுதான் உண்மை தெரிகிறது. அதற்குள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது.

ஹெட்போன் போட்டுக்கொண்டு பார். டிவி ஸ்பீக்கரில் இளையராஜாவின் மெல்லிய சத்தங்கள் அமுங்கிப்போகும், பாதி பயம் அங்கேதான் இருக்கிறது. அவன் சிறுவயதுக் கதை மட்டும் இப்போது ஒட்டவில்லை. அவன் செய்த கொலைகளுக்குப் பழியைப் பெண்கள் தலையிலேயே கட்டுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

உனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் ஆளை எடைபோடத் தெரிந்தவள் நீதான், அதை நான் எல்லோரிடமும் சொல்வேன். அதற்காக அப்பாவுக்கு ஒரு வரி எழுதக்கூடாதா? சம்பளக் கணக்கு உன் பெயரிலேயே இருக்கட்டும். ஏடிஎம் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே. வீட்டுச் சாவி ஒன்று உன் கையிலேயே இருக்கட்டும். பெண்கள் உதவிக்கு 181, போலீசுக்கு 112. போன் கையில் இல்லாவிட்டாலும் நினைவுக்கு வர வேண்டும், மனப்பாடம் பண்ணிக்கொள். கணக்கு உன் பெயரிலேயே இருக்கட்டும், மறுபடியும் சொல்கிறேன்.

அத்தை சொன்ன அந்த மனிதரைச் சின்ன வயசிலிருந்து தெரிந்த ஒருத்தரையாவது நீ நேரில் பார்த்துப் பேசியிருக்கிறாயா? வேறெதுவும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் பதில் போடு.

அப்பா