பிளாக்கி என்று அச்சடித்த கோப்பை

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் மழை நாளில் எட்டிப் பார்க்கிறது.

போன ஞாயிறு நீ பெர்த்திலிருந்து பேசியதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தேசிய தினத்துக்குச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடினீர்கள். படம் எடுக்கும்போது ஒருவன், "கயல், பல்லைக் காட்டு, இல்லாட்டி நீ இருக்கிறதே தெரியாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுகை வந்தது என்றாய். "நான் ஏம்ப்பா சிரிச்சேன்?" என்று கேட்டாய். நானோ, "விடும்மா, விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்" என்றேன். போனை வைத்ததும் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்தச் சிரிப்பை நீ என்னிடமிருந்து கற்றுக்கொண்டாய்.

ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசர் என் அட்டையைப் பார்த்தான். பாலசுப்பிரமணியம். அவனுக்கு நாக்கு புரளவில்லை. "பிளாக்கி" என்றான். அவ்வளவுதான், 22 வருஷம் அதுவே என் பெயர். கேன்டீனில் பிளாக்கி, ஓவர்டைம் பட்டியலில் பிளாக்கி. அவன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நீ பிறந்த அன்று லாரி சாவியை என் கையில் திணித்து "போ, போ" என்று விரட்டியவன். கெட்டவன் சொன்னால் திருப்பிக் கொடுக்கலாம். கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவன் சொல்லும்போது முகம் சுளித்தால், கூட்டத்தைக் கெடுத்த பழி நம் தலையில்தான் விழும். அதனால் முதல் ஆளாக நானே சிரித்துவிடுவேன். முந்திக்கொண்டு சிரித்தால் வலி குறையும் என்று ஒரு கணக்கு. குறையவில்லை.

உனக்கு ஏழு வயதிருக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கம்பெனிக் குடும்ப தினம். யாரோ "பிளாக்கி!" என்று கூப்பிட, நான் திரும்பினேன். "அப்பா, உங்க பேரு பிளாக்கியா?" என்று கேட்டாய். அன்றைக்கும் சிரித்தேன்.

அந்த வருஷம்தான் இன நல்லிணக்க நாளுக்கு எதிர்வீட்டு மலாய் அக்காவிடம் பாஜு கூரோங் வாங்கி உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனாய். கை கோத்து நிற்கச் சொன்னபோது, கறுப்பு ஒட்டிக்கொள்ளும் என்று பக்கத்துப் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டானாம். 1964 ஜூலை 21 கலவரத்தை மறந்துவிடக் கூடாது என்று வைத்த நாள் அது. நீ வந்து சொன்னதற்கும் நான் "விடும்மா" என்றுதான் சொல்லியிருப்பேன்.

உன் தாத்தா காலத்தில் நம்மை இளக்காரமாகக் கூப்பிட்ட சொல் கிளிங். கைதிகளின் கால் சங்கிலிச் சத்தத்தில் பிறந்த பெயர் என்று அவர் சொல்வார். 1825 முதல் இந்தியக் கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டதும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்ததும் உண்மை. ஆனால் மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இலேயே கட்டப்பட்டது. அப்புறம் சங்கிலிக் கதை எப்படிப் பொருந்தும்? கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். நம் சூலியா ஸ்திரீட்டுக்கே பழைய பெயர் கிளிங் ஸ்திரீட். இதையெல்லாம் தாத்தாவுக்கு ஒருநாள் பெரிய மேதாவி மாதிரி விளக்கினேன். "கலிங்கமாவது கத்தரிக்காயாவது! சொல்றவன் வாய் எப்படிக் கோணுதுன்னு பாருடா" என்றார்.

சரி, நம் வாய் மட்டும் சுத்தமா? சீனரைப் பற்றி உன் மாமா 'சப்பை' என்று பேசும்போது நாம் யாரும் தடுத்ததில்லை. இந்தியாவிலிருந்து புதிதாக வந்தவர் நமக்கு 'ஊர்க்காரன்'. ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி வந்த தாத்தா மட்டும் என்னவாம்? 'அர்' என்று முடிய வேண்டியதை 'அன்' என்று முடித்தாலே போதும், நம் தமிழில் ஓர் ஆளைக் கீழே இறக்கிவிடலாம்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன், அம்மாவுக்குக்கூட இது தெரியாது. லிஃப்ட் வாசலில் நின்று போனில் அம்மாவிடம், "அந்தப் பங்களா இன்னும் கூட்டிட்டிருக்கான், தரை ஈரம், பார்த்து வா" என்றேன். வங்காளதேசத் தொழிலாளியை நாம் இளக்காரமாகச் சொல்வது அப்படித்தானே. துடைப்பத்தோடு நின்றவர் நிமிர்ந்தார். "நான் அறந்தாங்கிங்க" என்றார். கோபமே இல்லை. என்னைப் போலவே சிரித்தார். நான் ஏதோ உளறிவிட்டு மேலே வந்துவிட்டேன். அன்றிரவுதான் ஒன்று உறைத்தது. அவர் உண்மையிலேயே வங்காளதேசத்தவராக இருந்து, நான் பேசியது புரியாமல் இருந்திருந்தால், எனக்கு வெட்கமே வந்திருக்காது. அது இன்னும் உறுத்துகிறது, கயல்.

இன நல்லிணக்கத்துக்கென்றே 2025இல் நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. நல்லதுதான். ஆனால் நான் லிஃப்ட் வாசலில் பேசியதற்கு எந்தப் போலீசும் வரப்போவதில்லை.

அந்தப் பையனோடு சண்டைக்குப் போ என்று நான் சொல்லவில்லை. அடுத்த தடவை சிரிக்காமல் இரு, அது போதும். எல்லாரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சும்மா நின்றால், அவனே தன் பேச்சைத் திரும்ப ஒரு தடவை கேட்க வேண்டிவரும். 22 வருஷத்தில் ஒருநாளும் என்னால் முடியாத காரியம், எனவே சுலபம் என்று சொல்ல மாட்டேன்.

ஓய்வு பெற்றபோது பட்டறையில் கொடுத்த கோப்பை ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் காசு போட்டு, ஆசையாக 'பிளாக்கி' என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்துத் தந்தது. அடுப்படியில் அம்மா அதில் கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். எழுத்து எப்போதும் சுவரைப் பார்த்தே இருக்கும். தற்செயல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேற்று வேண்டுமென்றே திருப்பி வைத்துப் பார்த்தேன், இன்று காலை மறுபடி சுவரைப் பார்த்து இருந்தது. டிசம்பரில் நீ வரும்போது அதை என்ன செய்யலாம் என்று சொல்.

அன்புடன்,
அப்பா