காய்ச்சல் போன பிறகும்

அம்பாசமுத்திரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. காய்ச்சல் நின்று மூன்று வாரமாகியும் இருமல் விடவில்லை என்றும், வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வருத்தம் எனக்குப் புதிதன்று.

நான்கு மாதத்திற்கு முன் எனக்குக் கொரோனா கண்டபோது ஐந்து நாள் காய்ச்சல், ஓ.பி. சீட்டும் மாத்திரையுமாக வீட்டிலேயே கழிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்காதவனுக்கு அதன் பிறகு என்ன களைப்பு என்று பிறர் கேட்டார்கள். நானும் என்னையே அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் கொரோனாவுக்குப் பின் நீடிக்கும் உபாதைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வகுத்த வரையறையில், மருத்துவமனையில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. பெரும்பாலும் நோய் தொடங்கி 3 மாதமாகியும் காணப்படுகிற, குறைந்தது 2 மாதமாவது நீடித்த, வேறு நோயால் வந்ததென்று சொல்ல முடியாத களைப்பு, மூச்சிரைப்பு, மறதி போன்றவற்றை அது நோயின் தொடர்ச்சியாகவே ஏற்றுக்கொள்கிறது. இதை அறிந்த அன்று எனக்கு உண்டான ஆறுதலைச் சொல்லி முடியாது.

சென்ற மாதம் ஆற்றுப்பாலம் கடந்து கல்லிடைக்குறிச்சிக்கு நடந்தே போய்வந்தேன். அன்றைக்கு ஒன்றுமில்லை, மறுநாள் மாலை தொடங்கி மூன்று நாள் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. உழைத்த உடனே வராமல், ஒரு நாள் இரண்டு நாள் கழித்து உடலை வீழ்த்தும் இத்தகைய களைப்பு உள்ளவர்கள், நடந்து நடந்தே பலத்தை மீட்டுவிடலாம் என்று எண்ணுவது தவறு என்றார் மருத்துவர். இப்போது படித்துறைக்குப் போனால், களைப்பு வருமுன்பே பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறேன்.

வாசனையும் போயிருந்தது. ரோஜா, எலுமிச்சை, யூகலிப்டஸ், கிராம்பு ஆகிய நான்கின் மணத்தையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர்ந்து பழகும் முறையை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2009இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நானும் அதைச் செய்கிறேன். நேற்று கிராம்பு மட்டும் இலேசாகத் தெரிந்தது.

உன் இருமலுக்கு வருகிறேன். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் வறட்டிருமல் 8 வாரம் வரைகூட நீடித்துத் தானே அடங்குவதுண்டு. ஆயினும் இரண்டு வாரத்தைக் கடந்த எந்த இருமலுக்கும் காசநோய் இல்லையென்று சளியைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணமில்லை. சுக்குக் கருப்பட்டிக் காப்பி தொண்டைக்கு இதம்தான், ஆனால் அதை நம்பி நாளைக் கடத்தாதே. சளியில் இரத்தம் கண்டாலோ மூச்சு முட்டினாலோ அன்றைக்கே போய்விடு.

சோதனை முடிவு வந்ததும் உடனே எழுது. காத்திருப்பேன்.

உன் பழைய வகுப்புத் தோழன்